மாமாவைப் பற்றிய ஆறாவது வசனம்

என் வயதை ஒத்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும், விளக்கம் கேட்டு வரவேண்டாம். எண்பது பக்கக் கொப்பி உங்களுக்கு நினைவிருக்கும். பின்னட்டையில் வாய்பாடு இருக்கும், நடுவில் இரண்டு கம்பி துருப்பிடித்து நிற்கும், தோணியில் தண்ணீர் தெறித்தால் ஊதிப்போய் பிறகு ஒருநாளும் மூடாது. அப்படியொரு கொப்பியால் பதின்மூன்று வயதில் ஐந்து கிழமை நான் ஒழுங்காகச் சோறு தின்னவில்லை. இதை இதுவரை ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லக் கூச்சமில்லை, கேட்க ஆள் இருக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். நாங்கள் படுவான்கரையில், வாவிக்கு மேற்கே இருந்தோம். பள்ளிக்கூடம் அக்கரையில், டவுணில். காலையில் தோணி, பின்னேரம் தோணி. எங்கள் வகுப்புத் தமிழ் வகுப்பு, இங்கிலீஷ் ஒரு பாடம் மட்டும்தான். அதற்கு வந்த டீச்சர் பறங்கிக் குடும்பத்தவர். முழங்காலுக்குக் கீழே இறங்கிய கவுண், ஆம்பிளைக் குடை, கைப்பையில் எப்போதும் ஒரு வெள்ளரிப்பிஞ்சு. இடைவேளையில் அதைக் கடித்துக்கொண்டு விறாந்தையில் நடப்பார். எங்களை அடிக்கமாட்டார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சில நாட்களில் நினைத்திருக்கிறேன், அவருடைய வாய் அப்படி.

அந்தப் பள்ளித் தவணையில் அவர் எங்களுக்கு ஒட்டு வினை படிப்பித்தார். ஒரு சாதாரண இங்கிலீஷ் வினைச்சொல், அதன் வாலில் ஒரு சின்னச் சொல். புட் என்றால் வை. அப் என்றால் மேலே. இரண்டையும் சேர்த்தால் மேலே வை என்றுதானே வரவேண்டும்? வராது. வீடு கட்டுவதற்கும் அதுதான், குடை விரிப்பதற்கும் அதுதான், விலையை ஏற்றுவதற்கும், சுவரில் நோட்டீஸ் ஒட்டுவதற்கும், ஒரு ஆளை வீட்டில் தங்க வைப்பதற்கும் அதுதான். கடைசியில் வித் என்று இன்னொன்றை ஒட்டினால் சகித்துக்கொள்வது. இங்கிலீஷ்காரனுக்குப் புதுச் சொல் செய்யப் பஞ்சி, சோம்பேறி என்று அன்றைக்கே நினைத்தேன். இன்றைக்கும் அந்த அபிப்பிராயத்தை மாற்றவில்லை.

டீச்சரிடம் ஒரு முறை இருந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு ஒட்டு வினை. தவணை முழுக்க அது அவளுடைய சொத்து. அதற்கு எத்தனை பொருள் உண்டோ அத்தனையையும் அவள் கண்டுபிடிக்கவேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வசனம் எழுதவேண்டும். அந்த வசனம் அவளுடைய வீட்டில் நடந்த உண்மையாக இருக்கவேண்டும்.

"ராமனும் சீதையும் என்ட வகுப்புக்கு வரத் தேவையில்ல" என்பார். "லண்டனில இரிக்கிற ஜோனும் வேணாம். உங்கட வீட்டில என்ன நடக்குது? அதை எழுதுங்க. பொய் எழுதினா எனக்கு மணக்கும்."

எங்களுக்குப் பெயர்களும் அதுவாகவே போயின. "அடியே கிவ் அப், தோணி போகுது, ஓடி வாகா!" என்று துறையில் நின்று கத்துவோம். லுக் ஆஃப்டர் என்ற பெயர் கிடைத்தவள் அழுமூஞ்சி, தன் புத்தகத்தையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவள். எனக்குக் கிடைத்தது புட் அப். நான் உயரம் குறைந்தவள். எல்லோருக்கும் சிரிப்பு.

இனி மாமா.

அம்மாவின் தம்பி. நாற்பது வயதிருக்கும், கலியாணம் கட்டவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது என்பது உங்களுக்குத் தெரியும். மகளுக்குத் தாய் தகப்பன் வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை வந்து அதில் இருப்பான். கலியாணம் கட்டாத ஆணுக்கு வீடு என்று ஒன்று கிடையாது. தாய் இருக்கும்வரை தாய் வீடு, பிறகு அக்கா தங்கச்சி வீட்டில் ஒரு மூலை. மாமா வயலோரத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு அந்த மூலைக்கு வராமல் தப்பியிருந்தார். முந்தின மாரி வெள்ளம் குடிசையை வாவிக்குக் கொண்டுபோய்விட்டது. ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து குந்தினார்.

பெட்டிக்குள் இருந்தவை: ஒரு வெள்ளைக் கோட்டு, ஒரு எனாமல் கோப்பை, மீன் வடிவத்தில் ஒரு தகர அச்சு. அது புடிங் அச்சு. மேற்கே பெரிய குளம் கட்டிய காலத்தில், அங்கே காட்டுக்குள் போட்டிருந்த காம்பில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவருக்கு மாமா ஆறு வருடம் குசினியில் சமைத்தவர். அதைப் பற்றித்தான் பேச்சு. காலையில் துரைக்கு முட்டை அவிப்பது மூன்று நிமிடம், அவருடைய பெண்சாதி நோனாவுக்கு நாலு. நாங்கள் எறிகிற மீன் தலைகளை எடுத்து சூப் காய்ச்சுவார். மிளகு மணக்கும். வேறு யாரும் குடிக்கமாட்டோம். மத்தியானம் படுத்தால் குறட்டை ஒழுங்கை முனைக்குக் கேட்கும்.

அவருடைய இங்கிலீஷைப் பற்றி அம்மா சொல்வது: "இவனுக்குத் தெரிஞ்ச இங்கிலீசு சூப்பும் புடிங்கும்தான்."

நானும் அதை நம்பினேன். இதுதான் என் பிழை. அம்மா சொன்னதை நம்பியது.

அந்த வருடம் அக்காவுக்குக் கலியாணம் பேசியாகிவிட்டது. ஆவணியில் தாலி. அதற்குமுன் வீடு முடியவேண்டும். எங்கள் வளவிலேயே வடக்குப் பக்கமாக அப்பா சுவர் எழுப்பியிருந்தார். சுவரோடு நின்றுபோனது. வெள்ளம் வயலையும் தின்றுவிட்டதால் கூரைக்கு மரம் எடுக்க வழியில்லை. வாசலுக்கு வாசல் நிலை இருக்கிறது, யன்னலுக்கு யன்னல் ஓட்டை இருக்கிறது, மேலே பார்த்தால் வானம். காகம் உள்ளே வந்து குந்தியிருக்கும்.

மாமா தை மாதத்தில் சொன்னார்: "அங்க காம்பைக் கழட்டப் போறானுகள். பழைய ஆக்களுக்கு மரம் குடுப்பானுகள். கைமரம் முழுக்க நான் கொண்டாறன்." போனார். நாலு நாளில் வெறுங்கையோடு வந்தார், இன்னும் கழற்றவில்லையாம். பங்குனியில் திரும்பவும் சொன்னார், திரும்பவும் போனார். இந்தமுறை காய்ச்சலோடு வந்தார். அதற்குப் பிறகு அம்மாவின் வாய்க்குப் பூட்டு இல்லை. "உன்ட வாய் மட்டும்தான் கூரை போடும்" என்பார். மாமா தின்றுகொண்டிருக்கும்போதே எங்களைப் பார்த்து, "இவனைச் சகிச்சிக்கிட்டு இரிக்கிறமே, அதுக்கே எங்களுக்கு மோட்சம் கிடைக்கும்" என்பார். மாமா சிரித்துக்கொண்டு கோப்பையை நீட்டுவார், இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் சொதிக்கு.

எனக்கு வசனம் தேவைப்பட்டது. வீட்டில் நடக்கிற உண்மை. எழுதினேன்.

முதலாவது, அப்பா அக்காவுக்கு வீடு கட்டுகிறார். இரண்டாவது, எங்கள் வீட்டில் ஒரு குடைதான் உண்டு, அதை அப்பா மட்டும் விரிப்பார். மூன்றாவது, தோணித்துறையில் எங்கள் அப்பா ஒரு நோட்டீஸ் ஒட்டினார், எருமைக் கன்று காணவில்லை என்று. நாலாவது, கடைக்காரர் மண்ணெண்ணெய் விலையை ஏற்றினார். ஐந்தாவது, நாங்கள் எங்கள் மாமாவைத் தங்க வைத்திருக்கிறோம். ஆறாவது: வீ புட் அப் வித் அவர் அங்கிள். நாங்கள் எங்கள் மாமாவைச் சகித்துக்கொண்டிருக்கிறோம்.

டீச்சர் ஆறாவதில் பேனையை வைத்துக்கொண்டு கேட்டார்: "உண்மையோ?"

"உண்மை டீச்சர். அம்மா ஒவ்வொரு நாளும் சொல்றவ."

சரி போட்டார். பெருமையாக இருந்தது. வகுப்பில் ஒருத்திக்கும் ஆறு பொருள் கிடைக்கவில்லை.

வைகாசியில் ஒரு புதன்கிழமை, பொழுது சாயும் நேரம், மாப்பிள்ளையின் தகப்பன் வீடு பார்க்க வந்தார். சொல்லிவிட்டுத்தான் வந்தார், அம்மா பலகாரம் சுட்டு வைத்திருந்தார். அவர் பலகாரத்தைத் தொடவில்லை. கைத்தடியைச் சுவரில் தட்டித் தட்டிப் பார்த்தார். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.

"கூரை எப்ப?"

"ஆனிக்குள்ள முடிஞ்சிரும்" என்றார் அப்பா.

"வானத்துக்குக் கீழ தாலி கட்டேலாதுதானே. எங்களுக்கு வேற இடத்தில இரிந்தும் கேட்டு வந்தவங்க."

அப்பா வேர்த்துப்போனார். கதையை மாற்றவேண்டும், கையில் ஒன்றுமில்லை. நான் கதவோரம் நின்றேன். "எங்கட சின்னவள் இங்கிலீசு வாசிப்பாள்" என்றார். "புள்ள, கொப்பியக் கொண்டா."

கொப்பியைக் கொண்டுவந்தேன். எல்லோரும் விறாந்தையில் இருந்தார்கள். மாமா மூலையில் பலகையில் குந்திப் பிந்திய சோறு தின்றுகொண்டிருந்தார். சோறும் மணலை மீனும். எனக்கு ஒரு பயமும் இல்லை. அங்கே ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது, நான் எதை வாசித்தாலும் தலையாட்டுவார்கள். உரத்த குரலில் முதலாவதை வாசித்தேன்.

அப்போது அப்பா, "மச்சான், நீ துரைமாரோட இரிந்தனீதானே. பெரியவருக்கு விளங்கப்படுத்து" என்றார்.

மாமா மென்றுகொண்டே, "மூத்த புள்ளைக்குத் தகப்பன் வீடு கட்டுறார் எண்டு சொல்றாள்" என்றார்.

சூப்பும் புடிங்கும் அல்ல. மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியும்.

இரண்டாவதை வாசித்தேன். குடையையும் சரியாகச் சொன்னார், மாப்பிள்ளையின் தகப்பன் சிரித்துவிட்டார். எருமைக் கன்றைச் சொன்னார். மண்ணெண்ணெயைச் சொன்னார். நான் அதோடு கொப்பியை மூடப்போனேன். "இன்னும் கிடக்கே" என்று அப்பா எட்டிப் பார்த்தார். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, வரி எண்ணத் தெரியும். ஐந்தாவதை வாசித்தேன்.

"தாய்மாமன் எங்களோட இரிக்கிறார் எண்டு சொல்றாள்."

ஆறாவதை வேறு மாதிரி மாற்றி வாசித்திருக்கலாம். அறுபது வருடம் கழித்துச் சொல்வது சுகம். அன்றைக்கு என் கண் எழுத்தில் ஒட்டிக்கொண்டது, வாய் அதை அப்படியே வாசித்தது.

மாமாவின் கை சோற்றில் நின்றது. ஒரு பிடி பிசைந்தபடியே நின்றது. பிறகு சொன்னார்: "மாமா கூட இரிக்கிறது வீட்டில எல்லாருக்கும் சந்தோசம் எண்டு சொல்றாள்."

"நல்ல வளர்ப்பு" என்றார் மாப்பிள்ளையின் தகப்பன். முதல்முறையாக ஒரு பலகாரத்தை எடுத்தார்.

மாமா பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனார். அவர் சோற்றை மிச்சம் வைத்து நான் அதுவரை கண்டதில்லை.

அடுத்தநாள் விடிய, விறாந்தையில் பாய் சுருட்டிச் சுவரில் சாத்தியிருந்தது. பெட்டி இருந்தது, ஆள் இல்லை. அப்பாவின் கோடாலியும் வண்டிக் கயிறும் இல்லை.

"கோடாலியையும் கொண்டு போயிட்டான்" என்றார் அப்பா. அன்றைக்கு அவருக்கு அதுதான் கவலை. "கேட்டா குடுத்திருப்பன்தானே. இது களவு." இந்தச் சொல்லை அப்பா ஐந்து கிழமையும் சொன்னார். கோடாலி ஒருபோதும் தன் கையில் பெரிதாக வேலை செய்ததில்லை என்பதைச் சொல்லவில்லை.

முதல் இரண்டு நாள் அம்மா, "திண்டுபோட்டுப் போயிட்டான், பசிச்சா வருவான்" என்றார். நாலாம் நாள் சத்தம் குறைந்தது. ஒரு கிழமை போனதும் சொதி வைக்கும்போது ஒரு கோப்பை கூட வார்த்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த வைகாசியில் அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்குப் போனோம். சனம் நெருக்கியது, வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் மணத்தது. அம்மா கைகளைத் தலைக்குமேல் தூக்கி, தம்பி உயிரோடு வந்தால் பொங்கி வைக்கிறேன் என்று உரத்துச் சொன்னார். பக்கத்தில் நான் நின்றேன். அம்மனுக்கு என்னைத் தெரியும், இங்கிலீஷும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கண்ணைத் தூக்கிப் பார்க்கவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மாமாவை நான் துரத்திவிட்டேன். வெளியே காட்டில் யானை நிற்கிறது, காய்ச்சல் இருக்கிறது. போக ஒரு வீடும் இல்லாத ஆள். ஒரு வசனத்தால் துரத்திவிட்டேன்.

கொப்பியில் ஆறாவது வசனத்தை மை ரப்பரால் அழித்தேன். அழிக்க அழிக்கத் தாள் மயிர் மயிராக எழும்பி ஓட்டையாகிவிட்டது. அடுத்த பக்கத்தில் பேனை அழுத்திய தடம் அப்படியே கிடந்தது. விரலால் தடவினால் வாசிக்கலாம்.

கடைசியில் அக்காவிடம் சொன்னேன். குடிக்கக் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். அவளுடைய கலியாணம்தான் அந்தரத்தில் நின்றது, என்னை அடிக்கப்போகிறாள் என்று தள்ளியே நின்றேன்.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "இது அம்மா நாளைக்குப் பத்துத்தரம் அவர்ட முகத்துக்கு நேரே சொல்றதுதானே கா. நீ இங்கிலீசில எழுதினது மட்டும்தானே?"

"அம்மா சொன்னா மாமா சிரிப்பார். நான் வாசிக்கக்குள்ள சிரிக்கல்ல."

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது எனக்கு வருகிற கோபம் அப்போது வரவில்லை. பெரியவர்கள் பிள்ளைகளுக்கு முன்னால் வாயில் வந்ததையெல்லாம் கொட்டுவார்கள். பிள்ளை அதைப் பொறுக்கி எடுத்து ஒழுங்காக ஒரு வரியில் வைத்தால், குற்றம் பிள்ளையுடையது. வீட்டில் அந்த வசனத்தைச் செய்தவர் அம்மா. கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தவர் அப்பா. சோறு இறங்காமல் கிடந்தது நான். என் பிள்ளைகள் வளர்ந்தபோது நானும் இதையேதான் செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் டீச்சருக்கு மணக்கும்.

ஆனி பாதி போனது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: மாதம் முடியக் கூரை இல்லையென்றால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். அக்கா கூரையில்லாத அந்த வீட்டுக்குள் போய்த் தரையைக் கூட்டினாள். கூட்ட அங்கே என்ன இருந்தது, காகத்தின் எச்சம்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒழுங்கையில் வண்டிச் சத்தம். இரண்டு மாட்டு வண்டி, ஒன்றன்பின் ஒன்று. மேலே கைமரங்களும் வளைகளும், எல்லாம் கறுப்பு. எரிந்த கறுப்பு அல்ல, மினுங்குகிற கறுப்பு. பின்னால் ஒரு ஆள் நொண்டிக்கொண்டு வந்தான். தாடி, காலில் சாக்குத் துணிக் கட்டு, தோளில் கோடாலி. எலும்பும் தோலும்.

அப்பா கேட்ட முதல் கேள்வி: "என்ட கோடாலிதானே அது?"

"ஓம் மச்சான். கூராக்கி வச்சிரிக்கன்" என்றார் மாமா.

அம்மா குசினிக்குள்ளிருந்து ஓடி வந்து இரண்டு கையாலும் மாமாவின் முதுகில் அடித்தார். "சொல்லிப்போட்டுப் போனா வாய் தேஞ்சிருமோடா? உசிரோட இரிக்கியோ செத்தியோ எண்டு தெரியாம நான் அம்மன்ட வாசல்ல கிடந்தனே!"

"ரெண்டுதரம் சொல்லிப்போட்டுத்தானே போனன். வெறுங்கையோட வந்து உன்ட வாயைக் கேட்டது காணும் எண்டு இந்தமுறை சொல்லாமப் போன." மாமா வண்டியைத் தட்டினார். "இது துரைட குசினிக் கூரை. நான் ஆறு வருசம் புகைச்ச மரம். ஒரு செல்லும் கறையானும் அரிக்காது."

அம்மா மரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து அழுதார். எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். நான் ஒருவரையும் பார்க்காமல் வண்டிக்காரரிடம் போனேன். அவர் மாட்டுக்கு நுகத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா எப்ப உங்களோட கதைச்சவர்? காட்டுக்குப் போக?"

"அது புள்ள, அப்பவே. காம்பு கழட்டுறானுகள் எண்டு எனக்குத் தெரிய வந்ததே ஒரு ஞாயித்துக்கிழமை. அண்டைக்கே இவனைப் புடிச்சிச் சொன்ன. அடுத்தநாளே வெளிக்கிடுவம் எண்டன். இவன்தான், புதன்கிழமை மாப்பிள்ளட தகப்பன் வாறார், நான் இல்லாட்டி அக்காக்காரி தனிச்சிப் போவாள், அது முடிய வியாழன் விடியக்குள்ள வாறன் எண்டவன்."

ஞாயிற்றுக்கிழமை. நான் வாசித்தது புதன்கிழமை. விரலில் எண்ணினேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். திரும்பவும் எண்ணினேன். மூன்று நாளுக்கு முன்பே பேசி வைத்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் வியாழக்கிழமை விடிய மாமா போயிருப்பார்.

வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாட்டின் வாசனை, மரத்திலிருந்து வந்த பழைய கொழுப்புப் புகையின் வாசனை, எல்லாம் மூக்கில் ஏறியது. அன்றைக்கு நான் நாலு தரம் சோறு போட்டுத் தின்றேன். "இவளுக்கு என்ன பேய் புடிச்சிட்டோ" என்றார் அம்மா. ஐந்து கிழமையாக நான் தின்னாமல் இருந்ததை அந்த வீட்டில் ஒருவரும் கவனித்திருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் மாமா கிணற்றடியில் கைமரங்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் கறுப்பாக ஓடியது. பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா, அந்த ஆறாவது வசனம்."

"ஓ, அதுவா?" தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அந்த நோனா குசினி வாசல்ல நிண்டு என்னைப் பத்தித் துரையிட்ட ஒவ்வொரு நாளும் சொல்லுவா, இவனை எவ்வளவு நாளைக்குச் சகிக்கிறது எண்டு. இங்கிலீசில நான் முதல்ல படிச்சதே அதைத்தான்."

"உங்களுக்குக் கோவம் வரல்லையா?"

"நோனாவோடயா, உன்னோடயா?"

"என்னோட."

"பசி வந்திச்சி. உன்னால அரைச் சோறு போச்சி."

"மறுகா ஏன் பாதிச் சோத்தோட எழும்பினீங்க?"

"உன்ட மூஞ்சைப் பாத்தன். பேய் அறைஞ்ச மாதிரி நிண்டாய். நான் எழும்பினாத்தானே உன்னையும் விடுவானுகள். எழும்பிட்டன்." ஒரு வாளித் தண்ணீரை மரத்தில் ஊற்றினார். "வாசிப்பு நல்லம். துரைட மகள் இவ்வளவு தெளிவா வாசிக்கமாட்டாள். அங்கால தள்ளு, ஊத்தைத் தண்ணி தெறிக்கும்."

அவ்வளவுதான். ஐந்து கிழமை நான் சுமந்ததை ஒரு வாளித் தண்ணீரோடு ஊற்றிவிட்டார்.

தவணைக் கடைசியில் ஒவ்வொருத்தியும் தன் சொத்தை வகுப்பின் முன்னால் ஒப்பிக்கவேண்டும். திங்கட்கிழமை டீச்சரின் மேசைக்குப் போய்க் கொப்பியைத் திறந்து வைத்தேன். ஓட்டையைப் பார்த்தார்.

"எலி திண்டதோ?"

"நான் அழிச்ச, டீச்சர். அந்த வசனம் பொய்."

"அண்டைக்கு உண்மை எண்டாய்."

"அண்டைக்கு உண்மை எண்டு நினைச்ச. அம்மா சொன்னதை எழுதின. நான் பாத்து எழுதல்ல."

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வெள்ளரிப்பிஞ்சு கையில் பாதியில் நின்றது. "அப்ப உனக்கு அஞ்சு பொருள்தான். அதுவும் காணும்."

"இல்ல டீச்சர். ஆறும் இரிக்கி." எழுதிக் காட்டினேன். இந்தமுறை தாள் கிழியாமல் மெதுவாக எழுதினேன். டீச்சர் வாசித்தார். உண்மையா என்று கேட்கவில்லை. பேனையை எடுத்துச் சரி போட்டார், பக்கத்தில் வேறொன்றும் எழுதவில்லை.

ஆனி முடிய மூன்று நாள் இருக்கக் கூரை ஏறியது. மரத்துக்கு மேலே தென்னோலைக் கிடுகு, ஓட்டுக்கு வசதியில்லை. மழை நாளில் அந்த வீட்டுக்குள் போனால் யாரோ பக்கத்து அறையில் இறைச்சி பொரிப்பது போல ஒரு வாசனை வரும். அக்கா அந்த வீட்டில் நாலு பிள்ளை பெற்றாள். பிற்காலத்தில் அந்த வீட்டுக்கு நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. அன்றைக்கு அது நின்றது.

கூரை ஏறிய அன்று பின்னேரம் மாப்பிள்ளையின் தகப்பன் திரும்பவும் வந்தார். புது வீட்டுக்குள்ளேயே பாய் விரித்தார்கள். கைத்தடியால் இந்தமுறை ஒன்றையும் தட்டவில்லை, அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார். அப்பாவுக்குத் தலைகால் தெரியவில்லை. "புள்ள, அந்தக் கொப்பியக் கொண்டா!"

மாமா மூலையில் சோற்றோடு இருந்தார். தாடி வழித்திருந்தார், காலில் கட்டு இருந்தது. முதல் ஐந்தையும் வாசித்தேன், அவரும் ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலாவதில் மட்டும் நான் ஒரு ஆளைக் கூட்டியிருந்தேன்: அப்பாவும் மாமாவும் அக்காவுக்கு வீடு கட்டினார்கள். அவர் அதை, "தகப்பன் வீடு கட்டினார் எண்டு சொல்றாள்" என்று சுருக்கிவிட்டார்.

ஆறாவதுக்கு வந்தேன். மூச்சை இழுத்துக்கொண்டு, துரைக்கே கேட்கும்படி வாசித்தேன்: "அவர் அங்கிள் புட்ஸ் அப் வித் அஸ்."

எங்கள் மாமா எங்களைச் சகித்துக்கொண்டிருக்கிறார்.

மாமாவின் கை சோற்றில் நின்றது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"என்ன மச்சான், என்ன சொல்றாள்?" என்றார் அப்பா.

மாமா கூரையை ஒருதரம் பார்த்தார். பிறகு கோப்பையை அம்மாவின் பக்கம் நீட்டினார்.

"சொதி இன்னும் கொஞ்சம் விடட்டாம்" என்றார்.

அம்மா கோப்பை நிறைய வார்த்தார். மாமா அன்றைக்கு ஒரு பருக்கையும் மிச்சம் வைக்கவில்லை.